டிசம்பர் விருந்துக்கு ஜரிகைக் கண்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பர் 31. தோழி வீட்டு மொட்டைமாடியில் புத்தாண்டு விருந்து. புதிதாக வாங்கிய ஐ ஷேடோ பெட்டியில் வெள்ளி நிறம்தான் என்னை இழுத்தது. இமை முழுக்க, புருவத்துக்குக் கீழ் வரைக்கும், ஆசை தீர அப்பிக்கொண்டு போனேன். மாடிப்படி ஏறி முடித்ததும் தோழியின் அம்மா என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா? கண்ணு ரெண்டும் இப்படி வெளுத்துக் கிடக்கே" என்றார். சீரியல் லைட் வெளிச்சத்தில் நான் மாவு மில்லில் இருந்து நேராக வந்தவள் மாதிரி இருந்திருக்கிறேன்.

எங்கே தப்பு நடந்தது என்பதை ஒரு பழைய பட்டுப்புடவை எனக்குக் காட்டியது. அசல் காஞ்சிபுரம் ஜரிகையைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் சிவப்புச் சாயம் தோய்த்த பட்டு நூல் இருக்கும். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள். ஜரிகை நைந்த இடத்தில் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும். ஜரிகையின் தங்கம் உறுத்தாமல் மின்னுவதில் அடியில் கிடக்கும் அந்தச் சிவப்புக்கும் பங்கு உண்டு. கண்ணுக்கும் இதே கணக்குத்தான். வெறும் இமையில் தங்க நிறத்தைப் பூசினால் மிட்டாய்க் காகிதம் ஒட்டிய மாதிரி இருக்கும். அடியில் செம்பழுப்பு போட்டு, மேலே நடுவில் மட்டும் தங்கத்தைத் தொட்டு வைத்தால் ஜரிகை மாதிரி இருக்கும்.

அந்த ஒரே ஒரு ஒப்பனையைத்தான் இங்கே சொல்லித் தரப்போகிறேன். கிறிஸ்துமஸ் இரவு விருந்து, ஆபீஸில் வைக்கும் வருட முடிவுப் பார்ட்டி, புத்தாண்டு, மார்கழி பிறப்பதற்குள் அவசரமாக முடித்துவிடும் கல்யாண வரவேற்புகள் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். முதல் தடவை 40 நிமிடம் ஆகும். நாலைந்து முறை போட்டுப் பழகியபின் 15 நிமிடம்.

என்ன வாங்க வேண்டும்?

மூன்று நிறம் போதும். முதலாவது, மின்னாத பழுப்பு. உங்கள் தோலைவிட ஒன்றிரண்டு படி அழுத்தமாக, டிகாஷன் தூக்கலாக விட்ட காபி மாதிரி இருக்க வேண்டும். இரண்டாவது, மின்னாத அடர் செம்பழுப்பு. அரக்கு, மெரூன், புளிக் கொட்டைத் தோல் என்று எதைக் கேட்டாலும் சரி, அதில் கொஞ்சம் சிவப்பு கலந்திருக்க வேண்டும். மூன்றாவது, மின்னும் செம்பு அல்லது பழந்தங்கம். பதினெட்டு நிறம் உள்ள பெட்டியைக் கடைக்காரர் எடுத்து வைப்பார். வாங்கினால் பதினைந்து நிறம் தொடாமலே காலாவதியாகும். என் மேஜையில் அப்படி இரண்டு பெட்டிகள் இருக்கின்றன.

நிறத்தைச் சோதிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஐ ஷேடோவில் நிறப்பொடியோடு டால்க் போன்ற வெளிர் நிறப் பொடிகளும் நிரப்பியிருக்கும். மலிவான பல பெட்டிகளில் நிறம் குறைவு, நிரப்புப் பொடிதான் அதிகம். வெளுத்த தோலில் அது தெரியாது. மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். அதனால் முன்கையின் உட்புறத்தில் விரலால் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பெட்டியில் இருக்கிற நிறம் கையிலும் தெரிந்தால் வாங்கலாம். மூன்று முறை தேய்த்தும் வெளிறியே இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கடை டியூப் லைட்டை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கையை நீட்டிப் பார்ப்பது நல்லது. புடவை எடுக்கும்போது இதைச் செய்யாத ஆள் உண்டா? டெஸ்டரைக் கையில் மட்டும் போட்டுப் பாருங்கள், கண்ணில் வேண்டாம். உங்களுக்கு முன்னால் அதில் யார் யார் விரல் வைத்தார்களோ.

மின்னும் நிறங்களுக்கு மினுமினுப்பைக் கொடுப்பது பெரும்பாலும் மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்லும் அதேதான். அதை மெல்லிய தூளாக்கி, மேலே இரும்பு ஆக்சைடு போன்றவற்றைப் பூசும்போது செம்பும் தங்கமும் பிறக்கின்றன. சைவம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: அடர் சிவப்பு, மெரூன் நிறங்கள் சிலவற்றில் கார்மைன் இருக்கும். அது கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுப்பது. பொருள் பட்டியலில் 75470 என்ற எண் இருந்தால் அதுதான். இரும்பு ஆக்சைடுகளுக்கு 77491, 77492, 77499 என்ற எண்கள் வரும், அவற்றில் பூச்சி இல்லை.

ஆனால் ஜிகினாத் தூள் வேறு, இது வேறு. கிறிஸ்துமஸ் குடிலுக்கும் நட்சத்திரத்துக்கும் வாங்கிவைத்த ஜிகினா வீட்டில் மீந்திருக்கும். கை துறுதுறுக்கும். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். கைவேலைக்கான ஜிகினா பெரும்பாலும் உலோகப் பூச்சு பூசிய பிளாஸ்டிக் தாள், ஓரங்கள் கூர்மையாக இருக்கும். உள்ளே விழுந்து நாம் கண்ணைத் தேய்த்தால் கருவிழியில் கீறல் விழும். கண்ணுக்கு என்று எழுதி விற்கிற கிளிட்டர் தனியாகக் கிடைக்கிறது. முதல்முறை போடுபவர்களுக்கு அதுவும் வேண்டாம் என்பேன்.

பிரஷ் இரண்டு வேண்டும். ஒன்று, முடி உப்பலாகவும் தளர்வாகவும் இருக்கும் பிளெண்டிங் பிரஷ். இன்னொன்று சிறியது, தட்டையானது, நுனி சற்றுக் குறுகலானது. பெட்டியோடு வரும் ஸ்பாஞ்ச் குச்சி நிறத்தை அப்பும், கலக்காது. காசு மிச்சம் பிடிப்பதானால் பெட்டியில் பிடியுங்கள், பிளெண்டிங் பிரஷில் பிடிக்காதீர்கள். இதோடு தோலின் கறுமையை மறைக்கும் கன்சீலர் ஒன்று, காஜல், ஐலைனர், மஸ்காரா, காது பட்ஸ். எதை வாங்கினாலும் காலாவதி தேதியையும், திறந்த மூடியோடு வரைந்த குட்டி டப்பா படத்தையும் பாருங்கள். அந்தப் படத்துக்குள் இருக்கும் 6, 12 போன்ற எண், திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்கிறது.

இரண்டு நாள் முன்னும் விருந்து அன்றும்

புதுப் பொருள் எதுவானாலும் விருந்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே முழங்கையின் உள்மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ கொஞ்சம் தடவி விடுங்கள். ஒரு நாள் கழித்தும் அரிப்பு, சிவப்பு எதுவும் இல்லையென்றால் கண்ணுக்குப் போடலாம். பொய் இமைமுடி ஒட்டும் பசைக்கு இந்தச் சோதனை கண்டிப்பாகத் தேவை, சிலவற்றில் லேடெக்ஸ் என்ற ரப்பர் பால் இருக்கும், அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சோதனை சரியாக வந்ததும் முழு ஒப்பனையையும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டால் நல்லது. விருந்து அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆட்டோ வாசலில் நிற்கும்போது, ஐலைனர் பழக ஆரம்பிப்பது வேண்டாத வேலை.

பண்டிகை நாளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. சீயக்காய் தலைக்குப் போகும், இமைக்குப் போகாது. அந்த எண்ணெய்ப் பசை இமையில் அப்படியே இருக்கும். அதன்மேல் என்ன போட்டாலும் ஒரு மணி நேரத்தில் மடிப்பில் போய்க் கோடாகச் சேர்ந்துகொள்ளும். மைசெல்லார் வாட்டர் (மேக்கப்பைத் துடைத்தெடுக்கும் நீர்) நனைத்த பஞ்சால் இமையை ஒருமுறை துடைத்துவிட்டு, உலர விட்டு, அப்புறம் ஆரம்பியுங்கள். முகத்துக்குப் போடும் கிரீமையும் அன்று இமையில் தடவ வேண்டாம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் லென்ஸை முதலில் மாட்டிக்கொண்டு ஒப்பனையைத் தொடங்க வேண்டும். திரும்பி வந்தபின்னும் முதலில் லென்ஸ், பிறகுதான் ஒப்பனை கலைப்பது.

இன்னொன்று, கண்ணை முடித்துவிட்டு முகத்துக்கு ஃபவுண்டேஷன் போடுங்கள். அடர் நிறப் பொடி கன்னத்தில் உதிரத்தான் செய்யும். வெறும் கன்னத்தில் விழுந்தால் துடைத்துவிடலாம். ஃபவுண்டேஷன் மேல் விழுந்தால் துடைக்கத் துடைக்கப் பரவும்.

படி 1: அடித்தளம்

கன்சீலரில் ஒரு அரிசி அளவு எடுத்து இரண்டு இமைக்கும் பங்கிடுங்கள். மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும், இழுத்துத் தேய்க்கக் கூடாது. இமைத் தோல் மெல்லியது, அந்த விரலுக்குத்தான் அழுத்தும் பலம் குறைவு. நம்மில் பலருக்கு இமையும் கண்ணைச் சுற்றிய இடமும் முகத்தைவிடக் கறுத்திருக்கும். கன்சீலர் அதைச் சமப்படுத்தும், ஐ ஷேடோ பிடித்துக்கொள்ளவும் உதவும். உங்கள் தோலைவிட வெளிர் நிறக் கன்சீலர் வேண்டாம், மறுபடி சாம்பல்தான். போட்டதும் ஒரு நிமிடம் பொறுத்து, மடிப்பில் கோடு விழுந்திருந்தால் விரலால் தட்டிச் சரிசெய்து, மேலே காம்பேக்ட் பொடியைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். டிசம்பர் என்றாலும் கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் குறையாது. இந்தப் படியைத் தவிர்த்தால் பத்து மணிக்கு மேல் எதுவும் இமையில் நிற்காது.

படி 2: காபிப் பழுப்பு

கண்ணாடியை மேஜையில் படுக்க வைத்துக் குனிந்து பார்க்காதீர்கள். முகத்துக்கு நேராக வைத்து, தாடையைக் கொஞ்சம் தூக்கி, பார்வையைத் தாழ்த்துங்கள். இமை விரிந்து தெரியும், கண்ணும் பாதி திறந்தே இருக்கும்.

கண் குழி எங்கே என்று விரலால் தடவிப் பாருங்கள். புருவ எலும்புக்குக் கீழே மெத்தென்று உள்ளே போகிறதே, அந்த வளைவுதான். பிளெண்டிங் பிரஷின் நுனியால் பழுப்பைத் தொட்டு, கைமேல் ஒருமுறை தட்டி மிச்சத்தை உதறிவிட்டு, அந்த வளைவின் வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்நோக்கிப் போய்த் திரும்பி வாருங்கள். பஸ் கண்ணாடியில் மழைநேரத்து வைப்பர் போய்வருமே, அந்த ஓட்டம். பிரஷை முடிக்குப் பக்கத்தில் பிடித்தால் அழுத்தம் கூடிவிடும். கைப்பிடியின் கடைசி நுனியில், ஊதுவத்தியைப் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள்.

முதல் தொடுதலில் எதுவுமே தெரியவில்லை என்று தோன்றும். தோன்றட்டும். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மூன்று சுற்றில் ஏற்றுவதுதான் வழி. ஒரே அடியில் ஏற்றிவிட்டால் அதைக் குறைக்கப் படும் பாடு பெரிது. நிறம் மேல்நோக்கிப் போகப் போக எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கரைய வேண்டும். கோடு மாதிரி ஒரு எல்லை தெரிந்தால், பிரஷில் நிறம் எதுவும் எடுக்காமல், வெறுமனே அந்த இடத்தில் சிறு சிறு வட்டமாகச் சுற்றுங்கள். புதிதாகப் பழகுபவரின் ஒப்பனைக்கும் கைதேர்ந்தவரின் ஒப்பனைக்கும் பெரிய வித்தியாசம் இந்த ஓரத்தில்தான். பாதி நேரத்தை இங்கேயே செலவழித்தாலும் தப்பில்லை.

கண்ணைத் திறந்தால் இமை மடிப்புக்குள் மறைந்துபோகும் அமைப்பு சிலருக்கு இருக்கும். வயது ஏற ஏற எல்லோருக்குமே கொஞ்சம் அப்படி ஆகும். அவர்கள் குழியில் போடாமல், அதற்குச் சற்று மேலே போட வேண்டும். கண்ணாடியை நேராகப் பார்த்து, கண்ணைத் திறந்த நிலையில் நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டே போடுங்கள். மூடிய கண்ணில் அழகாக இருந்து என்ன பயன், விருந்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு பேசப்போவதில்லை.

படி 3: ஜரிகைக்கு அடியில் போகும் சிவப்பு

இப்போது தட்டைப் பிரஷில் செம்பழுப்பை எடுத்து, இமையின் வெளி மூலையில் ஆரம்பித்து, கண் முடியை ஒட்டியே, இமையின் மூன்றில் இரண்டு பங்கு வரை தட்டித் தட்டி அழுத்துங்கள். மூக்குப் பக்கத்து மூலையை விட்டுவிடுங்கள். வெளி மூலையில் மட்டும் கொஞ்சம் மேலேற்றி, ஏற்கெனவே போட்ட பழுப்போடு கலந்துவிடுங்கள். பக்கவாட்டில் வைத்த வெற்றிலை நுனி மாதிரி ஒரு சிறு முக்கோணம் கிடைக்கும். புருவத்தின் வால் முடிகிற இடத்தைத் தாண்டி வெளியே போகக் கூடாது, போனால் அடி வாங்கிய கண் மாதிரி இருக்கும்.

இந்தக் கட்டத்தில் கண்ணாடியைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். தூக்கமில்லாத சிவந்த கண் போலத் தெரியும். துடைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிட்டு முகம் கழுவப் போகிறார்கள். ஐலைனர் ஏறியதும் அந்தச் சோர்வு காணாமல் போகும்.

படி 4: தங்கம் ஏற்றுவது

பிரஷை வைத்துவிடுங்கள், இதற்கு விரல்தான். பிரஷில் எடுத்தால் மின்னும் பொடி பாதி கன்னத்தில் கொட்டும். விரலின் சூட்டில் அது பசைபோல் பிடித்துக்கொள்ளும். மோதிர விரலின் நுனியில் செம்பையோ பழந்தங்கத்தையோ எடுத்து, நேராகப் பார்க்கும்போது கருவிழிக்கு நேர் மேலே வரும் இடத்தில், இமை நடுவில், ஒற்றி எடுங்கள். மறுபடி ஒற்றுங்கள். விரல் நுனி அகலம்தான் அந்த இடம், அதை மீறி இரண்டு பக்கமும் மெல்லக் கரையலாம். கண் சிமிட்டும்போது நடுவில் ஒளி பட்டுத் தெறிக்கிற மாதிரி இருக்கும். இன்னும் பளபளப்பு வேண்டுமென்றால், விரலை ஒரு சொட்டுத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு எடுங்கள். பெட்டிக்குள் தண்ணீர் போகக் கூடாது என்பதால், கொஞ்சம் பொடியைக் கையின் பின்பக்கம் எடுத்துக்கொண்டு அங்கே நனைப்பது நல்லது.

மூக்குப் பக்கத்து மூலையில் ஒரு கடுகளவு தங்கம் வைத்தால் கண் விழித்த மாதிரி தெரியும். கடுகளவு என்றால் கடுகளவுதான். புருவத்துக்குக் கீழே எதுவும் வேண்டாம். அங்கே வெள்ளையாக மின்னும் பட்டையைப் போடுவதுதான் என்னுடைய அந்தப் பழைய 31ஆம் தேதித் தவறு.

படி 5: கோடு

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. கண்ணுக்கு மை தீட்டிப் பழகிய கை நம்முடையது. பாட்டி காலத்தில் வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்து, திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, அந்தக் கரியை நெய்யில் குழைத்துக் கண்மை செய்தார்கள். வாசனை நினைவில் இருக்கிறது, ஆனால் விருந்துக்கு அது ஒத்துவராது. நெய் உருகும், மை கன்னத்துக்கு இறங்கும். சுர்மா என்று தூளாக விற்பதில் ஈயம் கலந்தவை உண்டு, அதைத் தொடவே வேண்டாம்.

மேல் இமைக்கு ஐலைனர். பேனா மாதிரி இருப்பது புதியவர்களுக்கு எளிது. முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரே வீச்சில் கோடு இழுக்க முயலாமல், கண் முடியின் வேரை ஒட்டி நாலைந்து புள்ளி வையுங்கள். கோலத்துக்கு வைப்பதுபோலத்தான். அப்புறம் புள்ளிகளை இணையுங்கள். உள் மூலையில் நூல் கனம், வெளியே வர வர கொஞ்சம் கூடட்டும்.

வால் வேண்டுமா? கீழிமையின் விளிம்பு மேல்நோக்கி நீண்டால் எந்தத் திசையில் போகுமோ, அதே திசையில், புருவ நுனியைக் குறிவைத்து ஒரு சிறு கோடு. கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடி அதைப் போட வேண்டும். மூடிக்கொண்டோ தோலை இழுத்துப் பிடித்தோ போட்டால், கையை எடுத்ததும் வால் தொங்கிப்போகும். இரண்டு பக்கமும் அச்சு அசலாக வராது. எனக்கும் வராது. சரிசெய்கிறேன் பேர்வழி என்று மாற்றி மாற்றிக் கனமாக்கிக்கொண்டே போவதைவிட, மைசெல்லார் வாட்டர் தொட்ட பட்ஸால் பெரியதன் ஓரத்தைச் சீவிவிடுவது மேல்.

காஜலைக் கீழே போடும்போது கண் முடிக்கு வெளியே, வேரை ஒட்டிப் போட்டு, அதன்மேல் படி 3இன் செம்பழுப்பைத் தட்டைப் பிரஷால் தொட்டு வையுங்கள். பொடி மையைப் பிடித்து நிறுத்தும், கீழே வழியாது, கறுப்பும் கொஞ்சம் இளகி ஜரிகையோடு சேரும். முடிக்கு உள்ளே, ஈர விளிம்பில் தினமும் மை தீட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. கண்ணீரை உலராமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. கண் எரிச்சல், வறட்சி உள்ளவர்களும் லென்ஸ் போடுபவர்களும் அங்கே தீட்டாமல் இருப்பது நல்லது.

மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மைனஸ் பவர் கண்ணைச் சிறிதாகக் காட்டும், அதனால் கீழே கறுப்பைக் குறைத்து நடுத் தங்கத்தைக் கொஞ்சம் கூட்டலாம். பிளஸ் பவர் பெரிதாகக் காட்டும், கலக்காமல் விட்ட ஓரமும் சேர்ந்தே பெரிதாகும்.

படி 6: மஸ்காரா

இமை முடியைக் கர்லரால் வளைப்பதானால் மஸ்காராவுக்கு முன்னால். போட்டபின் வளைத்தால் முடி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிரஷை வேரில் வைத்து, இடம் வலமாக லேசாக ஆட்டியபடி மேலே இழுங்கள். இரண்டு பூச்சு, நடுவில் அரை நிமிடம். குழாய்க்குள் பிரஷைக் குத்திக் குத்தி எடுக்காதீர்கள், காற்று உள்ளே போய்ச் சீக்கிரம் காயும். இமையில் மை பட்டுவிட்டால் உடனே துடைக்காமல் காயவிட்டு, உலர்ந்த பட்ஸால் உரித்தெடுங்கள். பொய் இமைமுடி முதல் விருந்துக்கு வேண்டாம். அது தனிப் பாடம்.

புருவத்தில் இடைவெளி இருந்தால் அந்தப் பழுப்பையே தட்டைப் பிரஷால் நிரப்பலாம். பொட்டு வைப்பவர்கள் அன்று சின்னதாக, மெரூனில் வையுங்கள். நெற்றியில் கல் பதித்த பெரிய ஸ்டிக்கர் பொட்டும் இமையில் தங்கமும் இருந்தால் பார்ப்பவர் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

புடவைக்குப் பொருத்தம் பார்ப்பது

பச்சைப் புடவைக்குப் பச்சை இமை, நீலத்துக்கு நீலம் என்று போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. புடவை உடம்பின் நிறத்தைப் பார்க்க வேண்டாம், ஜரிகையைப் பாருங்கள். தங்க ஜரிகை என்றால் பழந்தங்கம், செம்பு ஜரிகை என்றால் செம்பு. வெள்ளி ஜரிகை வந்தால் வெள்ளிக்குப் போகாமல், சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்குப் போகலாம், மாநிறத்தில் அதுதான் நிற்கும். மயில் கழுத்து, பாட்டில் கிரீன், மெரூன், கடுகு மஞ்சள் என எதோடும் இந்தச் செம்பழுப்பு சண்டை போடாது. அப்படியும் புடவை நிறம் கொஞ்சம் வேண்டும் என்று ஆசைப்பட்டால், கீழிமையின் வெளிப் பாதியில் காஜலுக்குப் பதிலாக அந்த நிறப் பென்சிலில் ஒரு கோடு. மயில் நீலம் அங்கே அழகாக இருக்கும். கறுப்பு கவுன், சல்வார் எதுவானாலும் ஜரிகையே இல்லை என்பதால் போட்டிருக்கும் நகையின் நிறத்தை எடுங்கள்.

கிளம்புவதற்கு முன்

குளியலறை டியூப் லைட்டில் போட்டதை, ஹாலில் மஞ்சள் பல்புக்குக் கீழே ஒருமுறை பாருங்கள். விருந்தில் பெரும்பாலும் அந்த வெளிச்சம்தான். மஞ்சள் ஒளியில் செம்பு தூக்கலாகத் தெரியும், பழுப்பு பாதி காணாமல் போகும். தேவைப்பட்டால் படி 2ஐ இன்னொரு சுற்று ஏற்றுங்கள். அப்புறம் போனில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே சிலிகா கலந்த வெள்ளைப் பொடி போட்டிருந்தால் நேரில் தெரியாது, பிளாஷில் வெள்ளைத் திட்டாக அடிக்கும். குரூப் போட்டோவில் அதைக் கண்டுபிடிப்பதைவிட வீட்டில் கண்டுபிடிப்பது நல்லது.

கைப்பையில் நாலு பட்ஸ், டிஷ்யூ, காஜல் போதும். வியர்த்தாலும், பிரியாணி அண்டாவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தாலும், நள்ளிரவு ஆராதனையில் கண் கலங்கினாலும் துடைக்காதீர்கள். டிஷ்யூவை மடித்து, கண் முடிக்குக் கீழே ஒற்றி எடுங்கள். மை கீழே வழிந்திருந்தால் உலர்ந்த பட்ஸை உருட்டி எடுத்தால் வந்துவிடும். டூ வீலரில் போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள். எதிர்க்காற்றில் கண்ணீர் வந்தால் எல்லா உழைப்பும் கன்னத்தில்.

விருந்தில் யாராவது "உன் காஜலைக் கொஞ்சம் கொடேன்" என்று கேட்பார்கள். சொந்தத் தங்கையாக இருந்தாலும் கண்ணுக்குப் போடும் எதையும் கைமாற்றாதீர்கள். மழைக்காலத்தை ஒட்டி மெட்ராஸ் ஐ எப்படிப் பரவும் என்று நமக்குத் தெரியும். போன மாதம் உங்களுக்கே அது வந்திருந்தால், அப்போது பயன்படுத்திய காஜல், மஸ்காரா இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். வராவிட்டாலும், மஸ்காராவைத் திறந்து மூன்று மாதம் ஆனால் மாற்றிவிடுவது நல்லது.

திரும்பி வந்தபின்

மணி இரண்டு ஆனாலும் கலைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். பஞ்சில் மேக்கப் ரிமூவரை நனைத்து, மூடிய கண்மேல் வைத்து, மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். பிறகு கீழ்நோக்கி மெதுவாக வழித்தெடுங்கள். வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா தண்ணீருக்கும் சோப்புக்கும் மசியாது, எண்ணெய் கலந்த ரிமூவர் வேண்டும். அது இல்லாத இரவில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். கண்ணுக்குள் போனால் கொஞ்ச நேரம் பார்வை மங்கலாகும், பயப்பட வேண்டாம், தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம். கடைசியில் முகம் கழுவும்போது இமை ஓரத்தில் எண்ணெய் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரஷ்களை மறுநாள் பேபி ஷாம்பூ ஒரு துளி விட்டு, உள்ளங்கையில் சுற்றிக் கழுவுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, துணியில் ஒற்றி, முடியைப் பழைய வடிவத்துக்குப் பிடித்துவிட்டு, மேஜை விளிம்பில் தலை வெளியே நீட்டும்படி படுக்க வைத்துக் காயவிடுங்கள். டம்ளரில் நிற்கவைத்தால் தண்ணீர் கைப்பிடிக்குள் இறங்கி, பசை விட்டு, அடுத்த விருந்தன்று முடி ஒவ்வொன்றாக இமையில் ஒட்டிக்கொண்டு வரும்.